பஞ்சம்மாள் தோளில் அரக்குச் சேலை

சிரிப்பு வந்தால் பஞ்சம்மாள் அக்காவின் கை வாய்க்குப் போய்விடும். முன்பற்கள் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். ராமநாதபுரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பல வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து சேலை மடிக்கிறேன். அந்தக் கை எழும்போதே ஏதோ கேலி வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிற பெண், சேலையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். விற்கிற சேலைக்குக் கமிஷன் உண்டு. மடிக்கிறவர்களுக்குக் கிடையாது. அங்கே நிற்க அக்கா கேட்டுப் பார்த்தாள். முதலாளி சதக்கத்துல்லா பாய் நல்ல மனிதர்தான். "ஒன் கை மடிப்பு யாருக்கும்மா வரும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு வேலைக்கு வந்த கவிப்ரியாவை நேராக அங்கே நிறுத்தினார். அவள் நல்ல சிவப்பு, பார்க்க லட்சணம்.

"நான் தோள்ல போட்டா சேல பயந்து ஓடிருமாம்டி," என்றாள் அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

இந்த ஆவணியில் திருப்புல்லாணியிலிருந்து ஒரு தாயும் கல்யாணப் பெண்ணும், முந்தின நாள் வாங்கிய சேலையோடு திரும்பி வந்தார்கள்.

"அந்தப் புள்ள மேல பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. எம்மக கட்டுனா வெளிறிப்போயித் தெரியுது. மாத்திக் குடுங்க," என்றாள் தாய். மகள் அக்காவின் நிறம், நல்ல கறுப்பு.

கவிப்ரியா ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். பெண் தலையாட்டி ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிரித்துக் கிடந்ததை மடிக்க அக்கா போனாள். பட்டை மடிக்கும் முன் ஒரு தலைப்பைத் தோளில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். அப்படி ஓர் அரக்குச் சேலையைப் போட்டதும் பெண் எழுந்துவிட்டாள்.

"அக்கா, அப்படியே நில்லுங்க. அம்மா, இதுதாம்மா!"

சற்று முன் கவிப்ரியா மேல் பார்த்து வேண்டாம் என்ற அதே சேலை.

அவர்கள் போனதும் பாய் கூப்பிட்டார். "நாளையில இருந்து நீயும் இங்கன நில்லும்மா."

"பல்லு தெரியுமே பாய்?"

"சேலையக் காட்டச் சொன்னா பல்லக் காட்டுறேங்குற?"

கவிப்ரியாதான் முதலில் சிரித்தாள். அக்காவின் இரண்டு கையிலும் சேலை இருந்தது. வாயைப் பொத்த வழியில்லாமல் அவளும் சிரித்தாள்.

இப்போது அக்கா பட்டுப் பிரிவில் நிற்கிறாள். கமிஷன் வருகிறது. சம்பளம் மட்டும், பின்னால் வந்த கவிப்ரியாவைவிட இன்னும் குறைவு. கேட்டிருக்கிறாள். தீபாவளி கழியட்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார்.