விழுந்த ராணியும் விழாத ராணியும்

காலை ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தபோது எங்கள் கிணற்றடியில் நான் முதலில் பார்த்தது, பாதி முகம் ராணியாகவும் பாதி முகம் ஆணாகவும் இருந்த ஒருவரை. முதல் நாள் ஆரணிக் கடைவீதியில் நடந்த கூத்தில் ராணி வேஷம் கட்டியவர் அவர். கூத்தாடிகளுக்கு வீட்டுக்கொருவராகக் காலைச் சோறு போடுவது அப்போதைய வழக்கமாகையால் எங்கள் பங்குக்கு வந்து, தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து அரிதாரப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியச் சில ஆண்டுகளே இருந்தன. எனக்கு ஒன்பது வயது.

அவர் ஆடிய கதையை என் அப்பாவின் தங்கை, கனகம்மா அத்தை, அச்சுப் புத்தகத்தில் முன்பே படித்திருந்தார். பாதிரிமார் பள்ளியில் எழுத்துக் கற்றவர். போளூரில் கணவர் அடித்துத் துரத்தியதால் மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பட்டு நெய்துவந்தார். அப்போது அந்தக் கணவரின், அதாவது மாமாவின், தறிக்கு ஆள் தேவைப்பட்டதால் அழைத்துப்போக வந்துவிட்டார். பத்து மணிக்குப் பஞ்சாயத்து.

கதையும் அப்படிப்பட்டதுதான். ராஜா ஊர்ப்பேச்சைக் கேட்டு ராணியை மழையில் வெளியே தள்ளுகிறான். பிறகு பல்லக்கோடு வந்து அழைக்கிறான். புத்தகத்தில் அவள் மறுத்துவிடுகிறாள். கூத்திலோ அவன் காலில் விழுந்து பல்லக்கில் ஏறிவிட்டாள். பஞ்சாயத்துப் பெரியவர்கள் எல்லோரும் கூத்துப் பார்த்தவர்கள். புத்தகம் படித்தவர் அத்தை ஒருவரே.

அத்தை சோற்றுத் தட்டோடு கிணற்றடிக்குப் போனார்.

"ஏங்க, புத்தகத்துல ராணி போவல. நீங்க ஏன் கால்ல வியுந்தீங்க?"

"போவலன்னா மங்களம் எப்படிம்மா பாடறது? ராஜாவும் ராணியும் ஜோடியா நின்னாதான் மங்களம். கூத்து வாத்தியார் மாத்திட்டாரு. வியுந்து வியுந்து எனக்கு முட்டி தேஞ்சிகினு கீது."

"இத பத்து மணிக்கு வந்து சொல்லுங்க."

"வேணாம்மா, பேஜாராப் பூடும்."

"துன்னுட்டு வாங்க," என்று தட்டை வைத்துவிட்டு அத்தை திரும்பி நடந்தார்.

பஞ்சாயத்தில் நாட்டாண்மைக்காரர், "ராணியே வியுந்தா. உனக்கு இன்னாம்மா அதுக்கு மேல?" என்றார். அத்தை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"அச்சுல ஆயிரம் போடுவான். ராணி வியுந்தத நாங்க கண்ணால பார்த்தோம்," என்றார் மாமா.

தூணோரம் நின்றிருந்த கூத்தாடி, காதடியில் சிவப்பு இன்னும் போகாத முகத்தோடு, "வியுந்தது நான்தாங்க," என்றார்.

மாமாவோடு வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். கூத்தாடி தொடர்ந்தார்: "மங்களத்துக்காக வியுந்தேன். புத்தகத்துல அந்தம்மா வியலீங்க."

அத்தை சிரிக்கவில்லை. "கூத்துக்கு மங்களம் வேணும், சரி. நான் இங்க கூத்தாட வரலீங்க. போவ மாட்டேன்."

பத்தரை மணிக்குப் போளூர் வண்டி புறப்பட்டது. அதில் அத்தை இல்லை.

இப்போது அதே கடைவீதியில் டாக்கிக் கொட்டகை நிற்கிறது. நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்க்கிறவர்கள், முடிவை மாற்றிவிட்டார்கள் என்று காப்பிக் கடையில் குறைப்படுகிறார்கள். மாற்றியவரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டுக் கேட்கிற வழக்கம் போய்விட்டது. அத்தை அதற்குப் பிறகு போளூருக்குப் போனது ஒரே முறை, மாமாவின் சாவுக்கு. அன்று மாலையே ஆரணிக்குத் திரும்பினார்.