சிவப்பு விளக்கை நான் வாதத்தில் வென்ற நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. தேக்காவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் எதிரே, என் அக்காள் கணவரின் பழைய கார் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்று நான் பேசிய ஐந்து நிமிடப் பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. சமூக நிலையங்களில் நடக்கும் சொற்போட்டிகளில் என் பெயரை அறிவித்தாலே எதிரணியினரின் முகம் வாடும் என்று நான் உறுதியாக நம்பிய காலம். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். எதிராளியின் கூற்றை முதலில் அவரைவிட அழகாக எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அதன் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது என் முறை. அன்று காலையிலும் ஜூரோங்கில் ஒரு போட்டியில் வென்றிருந்தேன். அங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த அத்தான், அரை நாள் வேலையை முடித்துவிட்டு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

அத்தானின் தந்தை அன்று கப்பலேறுகிறார். நாற்பது ஆண்டுகள் இந்த ஊரில் உழைத்தவர். குடியுரிமை வாங்காமலே ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டிலிருந்த மகளோடு மிச்ச நாளைக் கழிக்கப் புறப்பட்டிருந்தார். காலையிலேயே அக்கா அவரையும் பெட்டிகளையும் தோ பாயோவில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு அழைத்துப் போய்விட்டார். வழியனுப்ப வருபவர்களை மூன்றரை மணி வரைதான் உள்ளே விடுவார்கள். அதற்குள் அத்தான் போய்ச் சேர வேண்டும். பழுதுபார்க்கக் கொடுத்திருந்த மூக்குக்கண்ணாடியைத் தந்தையிடம் கொடுக்க வேண்டும். அவருக்கு இதயம் பலவீனம். இதுவே கடைசிச் சந்திப்பாக இருக்கலாம் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

கண்ணாடியை வாங்கிக்கொண்டு காரைக் கிளப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அது காரோடு வந்த விளக்கன்று. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் எரியும்படி, முன்பு அந்தக் காரை வைத்திருந்தவர் தனியாகப் பொருத்தியது.

அத்தான் எஞ்சினை நிறுத்தினார். "தண்ணி கொறஞ்சிருச்சு போல, மச்சான்."

பானெட்டைத் தூக்கினோம். ரேடியேட்டரின் மூடியில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு கொதிப்பு. பக்கத்தில், ரேடியேட்டருக்குக் கூடுதல் தண்ணீர் தரும் பிளாஸ்டிக் புட்டியில் மட்டும் தண்ணீர் கோடு வரை நின்றது.

"இது ஆற அரை மணி ஆவும்" என்றார் அத்தான். "கார் இங்கயே கெடக்கட்டும். டாக்சியில போயிருவோம். அதோ நிக்குதுல்ல."

சாலைக்கு மறுபக்கம், நிறுத்தத்தில் ஐந்தாறு டாக்சிகள் வரிசையாக நின்றன. நான் சரி என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் காலையில் வாங்கிய கைதட்டல் இன்னும் காதிலிருந்து இறங்கவில்லை. அவருடைய கவலை நியாயமானது என்று தொடங்கினேன். அதன்பின் வரிசையாக அடுக்கினேன். இதே விளக்கு போன மாதம் மழையில் காரணமே இல்லாமல் எரிந்தது. புட்டியில் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. வெப்பம் காட்டும் முள்ளும் நடுவில்தான் இருந்தது.

"ரெண்டு சாட்சி ஒரு பக்கம். ஏற்கனவே பொய் சொன்ன சாட்சி இன்னொரு பக்கம். நீங்களே தீர்ப்பு சொல்லுங்க, அத்தான்."

"சும்மா எரியாது லா."

"அப்ப போன மாசம் எதுக்கு எரிஞ்சுச்சு?"

அவர் இரும்போடு பழகிய மனிதர். ஆனால் தனக்குத் தெரிந்ததை வாயால் நிரூபிக்கப் பழகாதவர். "என்னமோ, மனசுக்குச் சரியாப் படல" என்று முணுமுணுத்தார்.

"மனசு என்ன ரேடியேட்டருக்குள்ளயா இருக்கு?"

அவரே சிரித்துவிட்டார். "வக்கீல்கிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு காரை எடுத்தார்.

சிறிது தொலைவில் முள் மேலே ஏறியது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாதத்தை நான் தேடிக்கொண்டிருந்தபோதே முள் இறங்கத் தொடங்கியது. நடுவுக்கு வந்து, அதற்கும் கீழே போனது. "பாத்தீங்களா, காத்து பட்டதும் ஆறிருச்சு" என்றேன். அவர் தலையாட்டினார், வேகத்தைக் கூட்டினார்.

ஊட்ரம் பக்கம் ஒரு மேட்டில், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழுந்தது. எரிந்த ரப்பர் நாற்றம் உள்ளே பரவியது. கார் ஒருமுறை உதறிக்கொண்டு நின்றது. சாவியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. காலி டாக்சி ஒன்றுகூட வரவில்லை. கண்ணாடிக் கூட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அத்தான் முன்னால் ஓடினார். பாதித் தூரம் ஓட்டம், பாதித் தூரம் பேருந்து. துறைமுக வாயிலை அடைந்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது.

அக்கா வெளியே நனைந்துகொண்டு நின்றார். "எங்க போனீங்க? மாமா உள்ள போவ மாட்டேன்னு நின்னாரு. ஆபீசர் ரெண்டு தடவை வந்து கூப்பிட்டாரு."

"கார் நின்னுருச்சு" என்றார் அத்தான்.

வேலிக்கு அப்பால், கப்பலின் மேல்தளத்தில் மனிதர்கள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தார்கள். எல்லாரும் கையசைத்தார்கள். அத்தான் கண்ணாடிக் கூட்டைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். எந்தப் புள்ளியைப் பார்த்து ஆட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கப்பல் நகர்ந்து திரும்பும் வரை கையை இறக்கவுமில்லை.

அக்காவுக்கு நான் விளக்கம் சொன்னேன். பழைய கார், மழை, நெரிசல் என்று தெளிவாகவே சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. டாக்சி நிறுத்தம் மட்டும் அதில் இடம்பெறவில்லை. அக்கா நம்பினார். அத்தான் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை கார் பட்டறையில் சீன மெக்கானிக், வெடித்துப்போன ரப்பர் குழாயை எடுத்துக் காட்டினார். "ஆயர் ஹாபிஸ்" என்றார் மலாயில்; தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழாயில் விரிசல் விட்டால் ரேடியேட்டர் அதன் வழியாகக் காற்றை இழுக்குமே தவிர, புட்டியிலிருந்து தண்ணீரை இழுக்காதாம். அதனால்தான் புட்டி நிறைந்திருந்தது. வெப்பத்தை அளக்கும் கருவி தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டுமாம். தண்ணீரே இல்லாதபோது அது வெறும் காற்றை அளந்து முள்ளைக் கீழே இறக்குமாம். நான் நிறுத்திய இரண்டு சாட்சிகளும் தண்ணீர் இல்லை என்றே கூறிக்கொண்டிருந்தன.

கண்ணாடியைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அடுத்த ஆண்டு தந்தி வந்தது. காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள், அடுக்குமாடி நடைபாதையில் தனியாக நின்ற அத்தானிடம் போய், "அன்னைக்கு நான்தான்..." என்று தொடங்கினேன்.

"விடு மச்சான். நான்தானே ஓட்டுனேன்."

அதை மறுக்க என்னிடம் எத்தனையோ காரணங்கள் இருந்தன. அவர் ஒன்றையும் கேட்க நிற்காமல் உள்ளே போய்விட்டார். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

நான் இப்போதும் மேடையேறுகிறேன், வெல்கிறேன். ஆனால் எதிரே இருப்பவர் பேச்சடங்கிச் சிரித்தபடி உட்காரும்போதெல்லாம், சொல்லத் தெரியாமல் அவர் தமக்குள் வைத்துக்கொண்ட அந்த ஒன்று என்னவாக இருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.