காசநோய்க்கு ஒரு வளைகாப்பு

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில் மலாக்காவின் காஜா பெராங்தான் என் வட்டாரம். வெள்ளை நர்ஸ் சீருடை, சைக்கிள், கூடையில் ஊசிப் பெட்டி. காசநோயாளிகளின் வீடு தேடிப் போய் ஊசி போட்டு, மருந்தை என் கண்முன்னாலேயே விழுங்க வைக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்களிடம் கொஞ்சம் கத்துவேன். கொஞ்சம் என்பது என் கணக்கு; தெருவில் வேறு மாதிரி சொல்வார்கள்.

அங்கே ஒரு வீட்டில், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத மருமகளுக்கு நோய். விஷயம் வெளியே தெரிந்தால் அவளோடு குழாயடியில்கூட யாரும் நிற்க மாட்டார்கள். நோயைவிட அந்தப் பயம்தான் அவளை அரித்தது. "யாருக்கும் தெரியக்கூடாது மிஸ்ஸி, அப்புறம் இந்தத் தெருவுல நான் எப்படி இருப்பேன்?" என்று அழுவாள். யாராவது பேச வந்தால் எட்டியே நிற்பாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மாள் இருந்தார். மலாக்காச் செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுவார்கள். பேச்சு மட்டும் மலாய். மிஸ்ஸி ஏன் தினமும் வருகிறாள் என்று அவர் கேட்க, மாமியார் கண்ணைச் சிமிட்டாமல், மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று அடித்துவிட்டார்.

அந்தப் பொய்க்கு என் மருந்தே சாட்சி சொன்னது. அதை விழுங்கினால் குமட்டும். காலையில் அவள் வாந்தியெடுக்கும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். உடனே மாங்காய் வந்தது, அச்சார் வந்தது. போகப் போக உடம்பு தேறி, கன்னம் உப்பி, இடுப்பும் பெருத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். தெருவுக்கும் சந்தோஷம்தான், வேறு காரணத்துக்காக.

சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த அன்று சைக்கிளைப் பறக்க விட்டுக்கொண்டு போனேன். வீடு நிறையப் பெண்கள்! ஏழாம் மாசம் என்று அவர்களே கணக்குப் போட்டு, சித்ரான்னங்களோடு வளைகாப்புக்கு வந்து இறங்கியிருந்தார்கள். வளையல்களை வாங்கி வந்தது செட்டி அம்மாள். மருமகள் மணையில் விழித்துக்கொண்டிருந்தாள். மாமியார் சுவரோடு ஒட்டி நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குனிந்து அவள் காதில் முடிவைச் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "வயித்துல ஒண்ணுமில்ல. எனக்குக் காசநோய்," என்றாள். செட்டி அம்மாளுக்கும் புரியட்டும் என்று, "பாத்தோக் கெரிங்," என்று மலாயிலும் சொன்னாள்.

ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"எங்க போறீங்க? இனி யாருக்கும் ஒட்டாது! தினமும் தொடறேனே, எனக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினேன். அதையே மலாயிலும் கத்தினேன்.

செட்டி அம்மாள் மாமியாரை ஒரு முறை முறைத்தார். பிறகு மருமகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ கை அளவுக்குத்தான் வாங்கினேன். வேற யாருக்குப் போடறது?" என்றார் மலாயில். "பிள்ளை உண்டானா மறுபடி வாங்கிட்டு வரேன்."

முதல் வளையல் ஏறியது. வாசலைப் பார்த்தவள்கூட வரிசைக்கு வந்துவிட்டாள். அத்தனை மாதம் யாரையும் கிட்டே அண்டவிடாத அந்தப் பெண், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.