ஜுலைகா மாட்டிய சிவப்பு டேக்

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ பயந்தாங்கொள்ளி உளறுகிறான் என்று நினைப்பீர்கள். நான் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் ஃபிட்டர், இருபத்தெட்டு வருட சர்வீஸ். மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால், சத்தத்தை வைத்தே எந்த ரோலரில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். காரணமில்லாமல் ஒரு சத்தமும் வராது, அதுதான் என் கட்சி. கேண்டீனில் யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். எங்கள் மார்க்கத்திலும் இறந்தவர்கள் திரும்பி வருவதாக நம்பக் கூடாது, அதனால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எனக்கு ஒரே பெண், நஸ்ரின். பைலட் பயிற்சியில் இருக்கிறாள். எங்கள் டவுன்ஷிப்பிலேயே ஒரு சின்ன ரன்வே உண்டு, நாலு வயதில் அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து அந்தப் பக்கம் கூட்டிப் போனேன், அந்தத் தப்பைச் செய்தது நான்தான். அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது முடித்து, பரீட்சைகள் எழுதி, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள்.

லீவுக்கு வந்தாலும் சும்மா இருக்க மாட்டாள். குவார்ட்டர்ஸின் பின்னறைச் சுவரில் விமானத்தின் முன்பக்கப் படத்தை ஒட்டி, எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இல்லாத சுவிட்சுகளையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் பழகுவாள். எல்லாப் பயிற்சி பைலட்டும் இப்படித்தான் செய்வார்களாம். விமானத்தைக் கிளப்புவதற்கு முன் ஒருவர் பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் படிக்கிற வேலை என் மனைவி ஜுலைகாவுக்கு.

ஜுலைகா குறிஞ்சிப்பாடிக்காரி, பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் பட்டியலைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கடைக்குச் சாமான் சொல்கிற அதே குரலில் படிப்பாள். ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் நாற்காலிக் கையில் ஒரு தட்டு. நஸ்ரின் பதில் சொன்னால் 'ம்' என்பாள், பிறகுதான் அடுத்த வரி. பதில் வராவிட்டால் அந்த வரியை விட்டு நகரவே மாட்டாள், பத்து தடவையானாலும் அதையேதான் கேட்பாள்.

நஸ்ரினுக்கு அம்மாவிடம் பெருமையடிப்பதில் ஒரு சுகம். இப்போது வருகிற பயிற்சி விமானத்தில் முள் காட்டுகிற மீட்டரெல்லாம் போய்விட்டது, முழுக்க டிவி மாதிரி திரைதான் என்பாள். பாதிப் பயிற்சி தரையிலேயே சிமுலேட்டரில் நடக்கிறது, இன்ஜின் நின்றுபோவதைக்கூட அதிலேயே காட்டிப் பழக்கிவிடுகிறார்கள், புதுப் போர் விமானங்களில் பைலட்டின் ஹெல்மெட் கண்ணாடியிலேயே எல்லாம் தெரியும் என்று அளந்துகொண்டே போவாள். ஜுலைகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் அதுவே பண்ணிகினா அப்புறம் நீ எதுக்குடி?" என்பாள்.

அப்போதுதான் நஸ்ரின் பைட்டோ குழாயைப் பற்றிச் சொன்னாள். சிறகுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய், அதற்குள் காற்று புகுந்தால்தான் விமானத்தின் வேகம் தெரியுமாம். எத்தனை திரை வைத்தாலும் வேகம் அந்தக் குழாய் சொல்கிற கணக்குதான். குளவி கூடு கட்டிவிடாமல் இருக்க, நிறுத்தி வைக்கும்போது அதற்கு ஓர் உறை மாட்டுவார்கள், மறக்காமல் கழற்ற வேண்டும் என்று அதில் சிவப்பு ரிப்பன் தொங்கும். கழற்றாமல் மேலே போய்விட்டால் வேகம் தெரியாது, வேகம் குறைந்தது தெரியாமல் ஓட்டினால் விமானம் விழுந்துவிடும். ஜுலைகாவுக்கு இது பளிச்சென்று புரிந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு சிவப்புச் சமாச்சாரம் இருந்தது.

சுரங்கத்தில் பெல்ட்டுக்குள் இறங்கி வேலை பார்க்கிறவன், மோட்டார் சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு டேக்கை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். 'ஆள் வேலையில் இருக்கிறார், இயக்காதே' என்று அதில் இருக்கும். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். ஜெனரல் மேனேஜரே வந்தாலும் அடுத்தவன் டேக்கைத் தொடக் கூடாது. ஒரு தடவை ஒருவன் டேக்கை மறந்துவிட்டு ஷிப்ட் பஸ் ஏறி வடலூருக்கே போய்விட்டான். வேலையெல்லாம் முடிந்து பெல்ட் தயாராக நின்றது, ஆனால் ஜீப் அனுப்பி அவனைக் கூட்டி வந்து, அவன் கையாலேயே எடுக்கச் சொன்ன பிறகுதான் ஓட்டினோம். டேக் வெளியே வந்தால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். என் சர்வீஸில் அடுத்தவன் டேக்கை நான் தொட்டதே இல்லை.

கழித்துப் போட்ட டேக் ஒன்றை ஜுலைகா என்னிடம் கேட்டு வாங்கி, என் பெயரை அழித்துவிட்டு மார்க்கரால் தன் பெயரை எழுதிக்கொண்டாள். நைட் ஷிப்ட் முடிந்து நான் பகலில் தூங்கினால் அதை வாசல் கிரில்லில் மாட்டிவிடுவாள், பால்காரர்கூட பெல் அடிக்க மாட்டார். நஸ்ரின் பயிற்சி செய்தால் பின்னறைக் கதவுக் கைப்பிடியில். வேலை முடிந்ததும் எடுத்து, அதன் சரட்டை டேக்கைச் சுற்றி நாலு சுற்று சுற்றி நுனியைச் செருகி வைப்பாள்.

போன ஹஜ்ஜுப் பெருநாள் லீவில், ஒரு காலை, டேக்கை மாட்டிவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். நான் ஹாலில் இருந்தேன். ஜுலைகா 'பைட்டோ கவர்' என்று கேட்டாள். நஸ்ரின் ஏதோ போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம், பதில் சொல்லவில்லை. ஜுலைகா மறுபடி கேட்டாள். பிறகு, "வேர்க்குதுடி, ஃபேன வை" என்றாள். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

டேக் பின்னறைக் கதவிலேயே தொங்கியது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் இது என்ன என்று எடுக்கப் போனார்கள், நான் கத்திவிட்டேன். எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். மாட்டியவள்தான் எடுக்க வேண்டும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? அந்த அறைக்குள் நானும் போகவில்லை.

நஸ்ரின் பயிற்சிக்குத் திரும்பிப் போனாள், ஆனால் பழைய நஸ்ரினாக இல்லை. பட்டியலை அவசரமாகப் படிக்கிறாள், வரி விடுகிறாள் என்று இரண்டு தடவை அவளைப் பறக்க விடாமல் நிறுத்திவிட்டார்கள். அடுத்தது, முதல் முறையாகத் தனியாக இன்னொரு ஊர் வரை ஓட்டிப் போய்த் திரும்புகிற பயிற்சி. அதில் இன்னொரு வரி விட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அதற்கு முதல் நாள் மாலை போனில் அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அந்த வேலையெல்லாம் ஜுலைகா பார்த்துக்கொள்வாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் நான் நைட் ஷிப்ட் முடித்து, பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை. பத்து, பத்தரைக்குக் கிளம்புவேன் என்று சொல்லியிருந்தாள். தூக்கத்தில் கனவு கண்டிருப்பேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே நல்ல வெயில், பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம்.

பத்து பதினாலுக்குப் பின்னறையிலிருந்து 'டொக்' என்று ஒரு தட்டு. அப்புறம், "பைட்டோ கவர்."

அவள் குரல்தான். எங்கிருந்தோ வருகிற மாதிரியெல்லாம் இல்லை. வெங்காயம் ஒரு கிலோ என்கிற அதே குரல். எனக்குப் பயம் வரவில்லை, நம்பினால் நம்புங்கள், முதலில் காரணத்தைத்தான் தேடினேன். போனைப் பார்த்தேன், எதுவும் ஓடவில்லை. கம்ப்யூட்டர் மாதக் கணக்கில் அணைந்து கிடக்கிறது. அவள் குரலை யாரும் பதிவு செய்து வைத்ததில்லை, அது ஒரு தீராத குறை எனக்கு. எழுந்து பின்னறைக் கதவு வரை போனேன். டேக் கைப்பிடியில் தொங்கியது, கண்ணால் பார்த்தேன். 'டொக்.' "பைட்டோ கவர்." கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில்.

கதவைத் திறந்திருக்கலாம். கை போகவில்லை. டேக் தொங்கும்போது எப்படித் திறப்பது? பெண்ணுக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். உள்ளே மூன்றாம் தடவை, நாலாம் தடவை, கோபமில்லாமல், அவசரமில்லாமல். அப்புறம் எண்ணவில்லை. என் கன்னம் நனைந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. "சொல்லிடு பாப்பா" என்று, நஸ்ரின் எதிரே இருப்பதுபோல், என்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவுக்கு உள்ளே, 'ம்.'

அவ்வளவுதான். மணி பத்து இருபத்தொன்று. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு ஹாலில் முஸல்லா பாயை விரித்து இரண்டு ரக்அத் தொழுதேன். பின்னறை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தொழுது முடித்து அப்படியே உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரமென்று தெரியாது.

பன்னிரண்டு மணி வாக்கில் போன் வந்தது.

"அத்தா, போற ஊருக்கு வந்து இறங்கிட்டேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. பெட்ரோல் போட்டுக்கினு திரும்பணும்."

குரல் நடுங்கியது. என்னம்மா என்று கேட்டேன். சொன்னாள். அம்மா போனதிலிருந்து அந்தப் பைட்டோ கவர் வரியை மட்டும் அவளால் படிக்க முடியவில்லையாம். கண்ணில் பட்டாலே சட்டென்று அடுத்த வரிக்கு ஓடிவிடுவாளாம். இதுவரை பயிற்சியாளர் கூட இருந்து கவனித்தார், இன்றைக்குத் தனியாகப் போகும்போதும் அப்படியே ஓடிவிட்டாள். உள்ளே ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, சாவியில் கை வைத்துவிட்டாள்.

"சாவியத் திருப்பவே முடியல அத்தா. யாரோ ஒரு கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லாம உக்காந்துகினு இருக்கற மாதிரியே இருந்துது."

ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டேன். இல்லை, எதுவும் கேட்கவில்லை என்றாள். அழுதுகொண்டே இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறாள், சிறகுக்கு அடியில் உறை அப்படியே இருக்கிறது, ரிப்பன் காற்றில் ஆடுகிறது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத இடத்தில், 'ரிமூவ்ட்' என்று சத்தமாகச் சொன்னாளாம். சொன்ன பிறகுதான் அழுகை நின்றதாம்.

அப்போது மணி என்ன என்று கேட்டேன். கிளம்புகிற நேரத்தை எழுத வேண்டியிருந்ததால் அவளுக்கு ஞாபகமிருந்தது, பத்து இருபது, இருபத்தொன்று இருக்கும் என்றாள். என் காதில் விழுந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இன்னும் திரும்பி ஓட்டிவர வேண்டும். பதறாமல் வா, பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கதவுக் கைப்பிடியில் டேக் இல்லை.

கீழே விழுந்திருக்கும் என்று தரையில் தேடினேன், ஃபிட்டர் புத்தி. தரையில் இல்லை. நான் படுத்திருந்த தலையணையின் மேல் இருந்தது. சரட்டை நாலு சுற்று சுற்றி நுனியைச் செருகியிருந்தது. வாசல் பூட்டியபடி, சாவி என் பையில். நான் உட்கார்ந்த இடத்தில் பதறிப்போய் நானே எடுத்துச் சுற்றியிருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். வேறொரு டேக்கை எடுத்துச் சுற்றியும் பார்த்தேன். என் கையில் சரடு எப்போதும் வலது பக்கமாகத்தான் போகிறது. இது இடது பக்கமாகப் போயிருந்தது. ஜுலைகா இடது கைக்காரி.

அன்றைக்குத்தான் பின்னறையைத் திறந்தேன். நாற்காலி, சுவரில் படம், நோட்டு. வேறொன்றுமில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை. பகலில் தூங்குகிற நாட்களில் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு படுக்கிறேன், வராதா என்றுதான்.

நஸ்ரின் அடுத்த லீவுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றியதும் பின்னறைக் கதவைப் பார்த்தாள்.

"டேக் எங்க அத்தா?"

"அம்மா எடுத்துட்டா."

அவள் வந்து என் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தாள். டேக் என் அலமாரியில், என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அந்தச் சரட்டை இன்றுவரை நான் பிரிக்கவில்லை. பிரித்தால், அந்தப் பக்கமாக மறுபடி சுற்ற இந்த வீட்டில் ஆள் கிடையாது.