ஈசானிய மூலையின் கடைசித் தகடு

மழை பிடித்தால் பென்னலூர் வீட்டில் எல்லோரும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். அண்ணன் மட்டும் வாசலுக்கு வந்து, எதிரே இருக்கும் கட்டடங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் அவரை அப்படி ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள்.

அண்ணன் பென்னலூரில், குத்தகை நிலத்தில் பயிர் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்கு அடுத்தவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னையில் ஒரு தகட்டுப் பட்டறையில் சேர்ந்தார். இடது ஆள்காட்டி விரலின் நுனியை வெட்டும் இயந்திரத்தில் இழந்தது அங்கேதான். யாராவது துக்கம் விசாரித்தால், "மோதிரம் போட மத்த வெரலு கீதுல்ல" என்பார்.

திருமணத்துக்குப் பின் ஊருக்குத் திரும்பி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். வாளி, மழைநீர்க் குழாய், புகைபோக்கி என்று வந்ததையெல்லாம் செய்தார். கொட்டகை நிலைக்குமா என்பது யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் கேட்டால் நிலைக்கும் என்றுதான் சொல்வார்.

1991-இல் ஒரகடம் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவருக்குத் தலைப்பக்கம்தான் பலவீனம். அங்கே விரிசல் விட்டால் நீர் சுவருக்குள் இறங்கும். உள்ளே பூச்சு பொரிந்து விழும். அதைத் தடுக்கச் சுவரின் தலையில் மடித்த தகட்டைத் தொப்பி போல மாட்டுவார்கள். அந்தத் தொப்பிகளைச் செய்து மாட்டுவதுதான் வேலை. முதலில் சரக்குக் கிடங்கு. அது மழைக்குத் தாங்கினால் பெரிய கட்டடமும் அண்ணனுக்கே. தாங்காவிட்டால் கொட்டகையைக் காலி செய்துவிட்டுச் சென்னைப் பட்டறைக்கே கூலி ஆளாகப் போக வேண்டும். அண்ணி அப்போது மாசமாக இருந்தார்.

நம் பக்கத்தில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டுவதை ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், தொடங்குவது வழக்கம். அண்ணன் தன் தகட்டு வேலைக்கும் அதையே வைத்துக்கொண்டார். கிடங்கின் மாடியில் அவர் கற்பூரம் ஏற்றியபோது, அந்தச் சுவரைக் கட்டிய தண்டலம் அந்தோணி மேஸ்திரி சிரித்தாராம்.

"இன்னா தகரக்காரரே, கடைக்கால் நா எப்பவோ போட்டாச்சு. நீ இப்ப எதுக்குப் பூசை போடற?"

"உனுக்கு இன்னா மேஸ்திரி, எந்த மூலைன்னாலும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிச்சிடுவ. எனுக்கு இதான் மூலை."

வடகிழக்கில் முதல் தகட்டை மாட்டி, அதன் முனைமேல் அடுத்ததை ஏற்றி, இரு பக்கமும் வரிசையாகச் சுவர் முழுவதும் முடித்தார். வேலை பார்வைக்கு நேர்த்தியாக இருந்தது. ஐப்பசியின் முதல் மழையில் கிடங்கின் கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் உள்ளே நனைந்தன.

சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தாமல் பேசுவார். "தொப்பி போட்டும் தலை நனைஞ்சிட்டே அண்ணாச்சி. அடுத்த மழைக்குள்ள சரி பண்ணிருங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்லா."

அண்ணனும் மேஸ்திரியும் மாடி ஏறினார்கள். ஆணி அடித்த இடங்கள் சரியாக இருந்தன. மேஸ்திரி வடகிழக்கு மூலையில் குந்தி, சுவரை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"இங்க வந்து பாருப்பா. உன் சாமி மூலையும் இதான், ஐப்பசி மழ வர்ற மூலையும் இதான். ஒவ்வொரு தகடும் மழையப் பாத்து வாயத் தொறந்துகினு குந்திகீது."

விஷயம் அவ்வளவுதான். வடகிழக்கில் தொடங்கியதால் மேலேறிய ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் வடகிழக்கைப் பார்த்து நின்றது. காற்று மழையை நேராக அந்த இடுக்குகளில் அடித்தது. எதிர் மூலையிலிருந்து தொடங்கி ஈசானியத்தில் முடித்தால் விளிம்புகள் மழைக்கு முதுகைக் காட்டும். அண்ணனுக்கு இது உடனே விளங்கிவிட்டது. ஆனால் மனம் ஒப்பவில்லை.

சாப்பாட்டு வேளைக்கு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். "ஈசானியத்த வுட்டு ஆரம்பிச்சா எனுக்குக் கை ஓடாது மேஸ்திரி" என்றார் அண்ணன்.

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி கேட்டார்: "இன்னாங்க, பூசைதான மொதல்ல? மாட்டறதும் மொதல்லன்னு யாரு சொன்னது? கல்யாணத்துல பொண்ணுக்கு நலங்கு மொதல்லியே வெச்சிடறாங்க. மேடைக்கு அது கடைசியாத்தான வருது? அந்த மூலத் தகட்டுக்கு மஞ்சா குங்குமம் வெச்சித் தனியா எடுத்து வெய்ங்க. கடைசியா மாட்டுங்க."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். மேஸ்திரி சொன்னார்: "நா பொண்ணு வூட்டுக்காரன்பா. தகட்ட நாந்தான் தூக்கினு வருவேன்."

தகடுகள் எல்லாவற்றையும் கழற்றினார்கள். வெளியே கறை தெரியக் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னதால், மூலைத் தகட்டின் உள்பக்கத்தில் அண்ணன் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். தென்மேற்கிலிருந்து வேலை தொடங்கியது. இரு பக்கத்து வரிசைகளும் ஈசானியத்தில் வந்து சேர்ந்தபோது, சொன்னபடியே மேஸ்திரி அந்தத் தகட்டைத் தலையில் வைத்து ஏணி ஏறினார். அடுத்த மழை விடாமல் பெய்தது. அது ஓய்வதற்குள் அண்ணன் கிடங்குக்குள் போய், சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடந்து வந்தார். பெரிய கட்டடமும் அவருக்கே வந்தது.

அதன்பின் இந்தச் சாலைகளில் தொழிற்சாலைகள் பெருகின, கொட்டகை பட்டறையானது. எந்தக் கட்டடத்திலும் மூலைத் தகட்டுக்கு நேரம் வந்தால் "பொண்ண அழைச்சினு வாங்கடா" என்றுதான் அண்ணன் குரல் கொடுப்பார். புதிதாகச் சேர்ந்த ஆட்கள் விழிப்பார்கள். பழையவர்கள் தகட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முன்கோபம் அவருக்கு உண்டு. அது சாப்பாட்டு மணிக்கு மேல் நீடிக்காது. வேலையில் பிழை வந்தால் மாட்டிய ஆளை அவர் கேட்டதில்லை, தானே ஏணியை எடுப்பார்.

சிறுநீரகம் பழுதாகி அவர் படுக்கையில் இருந்தபோது, அந்தத் தொழிற்சாலையில் விரிவாக்கத்துக்காகக் கிடங்கை இடித்தார்கள். மேஸ்திரி கேட்டு வாங்கிய மூலைத் தகட்டுடன் ஒரு நாள் காலையில் வந்தார். கட்டிலருகே அதைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் வெளுத்திருந்தது. குங்குமம் கரையாமல் இருந்தது. அண்ணன் நுனியில்லாத விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது.

"ஒழுகல" என்றார்.

"பொண்ணு நல்லாதான் வாழ்ந்துகீது" என்றார் மேஸ்திரி.

அந்த மாதமே அண்ணன் அமைதியாகக் கண் மூடினார்.

அவருடைய நோய்க் காலத்தில் முறை வைத்துத் துணையிருந்த பட்டறைத் தோழர்களுக்கும், இரவு பகல் பாராமல் வாகனம் கொடுத்து உதவிய பென்னலூர் அண்டை வீட்டாருக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்; ஆகவே அவரைக் குறிப்பிடுவதோடு நிறுத்துகிறேன். அந்தோணி மேஸ்திரிக்குத் தனி நன்றி. அந்தத் தகட்டின் அகலத்துக்கு எங்கள் மாடிச் சுவரைப் பூசிக் கொடுத்தவர் அவர். தகடு இப்போது வீட்டின் ஈசானிய மூலையில், மற்றத் தகடுகளுக்கு மேலாக, கடைசியாக மாட்டப்பட்டிருக்கிறது. நினைவு நாளுக்கு வருபவர்கள் மாடியேறிப் பார்க்கலாம். குங்குமம் தெரியாது, அது உள்பக்கம் இருக்கிறது.