ஆவூருக்குத் திரும்பிய மலாயா ஸ்டேஷன் மாஸ்டர்

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சவரிமுத்து அண்ணன் வகுப்பு வாசலில் வந்து நின்றார். எப்போதும் தலையில் இருக்கும் துண்டு அன்று கையில் இருந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"அத்தான் போயிட்டாரு தங்கச்சி. விடியக்காலம் பால்காரன் கதவத் தட்டிருக்கான், தெறக்கலை" என்றார்.

என் அக்கா ஞானம்மாளின் கணவர் சந்தியாப்பிள்ளை அவர்களை ஆவூரில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவரைப் பற்றி இந்த வட்டாரத்தில் இரண்டு விதமான பேச்சு உண்டு. தங்கமான மனிதர் என்பது ஒன்று. சூதாடி, ராஜா ஆளும் எங்கள் சமஸ்தானத்தை விட்டு விரட்டப்பட்டவர் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அத்தான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே மலாயாவுக்குக் கப்பலேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். எங்கள் சித்தப்பா அங்கே ஈப்போவில் கோயில் உபதேசியாராக இருந்தார். சித்தப்பா வீட்டுக்குப் போன அக்காவை அங்கேயே கோயிலில் வைத்து அத்தான் கைப்பிடித்தார். பென்ஷன் வாங்கியதும் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் வீடு பார்த்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்கள். அக்காவோ, செத்தால் ஆவூர் மாதா கோயில் மண்ணில்தான் என்னைப் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அத்தான் மறுபேச்சுப் பேசவில்லை. பிறந்த ஊரும் அல்லாத, உழைத்த ஊரும் அல்லாத ஓர் ஊருக்கு, நான் இருந்த வீட்டுக்கு, மனைவிக்காக வந்து இறங்கினார்.

வந்த நாளில் கால்சட்டை போட்டிருந்தார். அக்கா முறைத்த முறைப்பில் மறுநாளே வேட்டிக்கு மாறிவிட்டார். பேச்சை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. அவருடைய தமிழைக் கேட்பதற்காகவே சந்தைக்குப் போகிறவர்கள் நின்று, தெரிந்த வழியையே மறுபடி அவரிடம் விசாரிப்பார்கள். அவரும் சலிக்காமல் வழி சொல்லுவார். அவருக்கே பாதி வழி தெரியாது என்பது வேறு விஷயம்.

அக்கா அதிக காலம் இருக்கவில்லை. காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் கேட்ட மண்ணிலேயே அவளைப் போட்டோம். அதன்பிறகு அத்தான் காலைப் பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போவார். வெயில் ஏறியபிறகுதான் வீடு வருவார். வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. நான் வைத்த சோறு வைத்தபடி இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அவர்மேலேயே எரிந்து விழுந்த நாட்கள் உண்டு.

அவரைப் பேச வைத்தது சீட்டுக்கட்டுதான். முந்நூற்று நாலு என்று ஓர் ஆட்டம். யாழ்ப்பாணத்தார் எந்தச் சீமைக்குப் போனாலும் கூடவே கொண்டுபோவார்களாம். நாலு பேர் ஆடுவது. எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். கைக்கு வந்த சீட்டைப் பார்த்து, இவ்வளவு புள்ளி எடுப்பேன் என்று ஒருவர் கேட்பார். தெம்பிருந்தால் அடுத்தவர் அதற்கு மேல் கூட்டிக் கேட்கலாம். அதிகம் கேட்டவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து ஒளித்து வைப்பார். கூட்டாளியைக் கலந்துகொள்ளக் கூடாது, கண்ணால்கூடப் பேசக் கூடாது. இதில் அத்தான் மகா கண்டிப்பு. அக்கா இருந்தவரை அவள்தான் அவருக்குக் கூட்டாளி. எதிர்க் கட்சி, ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்து வந்த எங்கள் ஊர் சவரிமுத்து அண்ணனும், பினாங்கில் கடை நடத்திவிட்டுத் திரும்பிய கொடும்பாளூர் நல்லதம்பி அண்ணனும். கடல் தாண்டிப் போய்வந்தவர்களின் தனிமை கடல் தாண்டிப் போய்வந்தவர்களுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. உள்ளூரில் யாரோடும் ஒட்டாத மூவரும் ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டுக் கூடத்தில் குழந்தைகளாகிவிடுவார்கள்.

அக்கா போனபிறகும் அவர்கள் இருவரும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வந்து, சீட்டுக்கட்டைப் பிரிக்காமல் நடுவில் வைத்துக்கொண்டு, மூன்று பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், அதுவும் கல்யாணம் ஆகாதவள், ஆம்பிளைகளோடு சீட்டாடுகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? தெருவில் ஆள் நடமாட்டம் கேட்டாலே முந்தானையை முகத்துக்கு இழுப்பேன். அத்தான் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒளிக்கிறது துருப்பை மட்டும்தான் பிள்ளை. முகத்தை ஏன் ஒளிக்கிறீர்?" என்றார். அக்கா இறந்தபிறகு அவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

இனி, ஊர் சூது என்று சொல்லும் அந்தக் காசு விஷயம். ஆட்டத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்று கணக்கு வைக்க ஏதாவது வேண்டும். மலாயாவில் சிப்பி வைத்து ஆடுவார்களாம். இங்கே அத்தானின் கண்ணில் பட்டது சமஸ்தானத்தின் அம்மன் காசு. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுப்பார்களே, சுண்டுவிரல் நகம் போன்ற செப்புக் காசு, அதுதான். நமக்கு அது பிறந்ததிலிருந்து பழகிய காசு. அவருக்கு அது விளையாட்டுச் சாமான். "இதைக் காசெண்டு சொல்ல வாய் வரேல்லை, எவ்வளவு வடிவாயிருக்கு" என்று சந்தையில் சில்லறையாக வந்ததையெல்லாம் சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஆட்டம் முடிந்தால் யார் ஜெயித்தாலும் எல்லாம் டப்பாவுக்கே திரும்பிப் போகும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறதென்று உள்ளூரில் பிறந்த எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த டப்பாவோடு அவ்வளவு பழகிப்போயிருந்தோம்.

அந்த வருஷம் மாட்டுச்சந்தைப் பக்கம் சூதாட்டத் தகராறில் வெட்டுக்குத்து நடந்து, எங்கு பார்த்தாலும் சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏட்டு ஒருவர் இரண்டு சேவகர்களோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அத்தான் எழுந்து, "வாருங்கோ, இருங்கோ" என்று வரவேற்று, என்னைக் காப்பி போடச் சொன்னார். இந்தக் காசெல்லாம் எதற்கு என்று ஏட்டு கேட்டார். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அத்தான் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். எத்தனை காசு வைப்பது, தோற்றால் எத்தனை தள்ளுவது, எல்லாம். நல்லதம்பி அண்ணன் அவர் வேட்டியைப் பின்னால் பிடித்து இழுத்தும் பயனில்லை. ஏட்டு காப்பியைக் குடித்து முடித்தார், மீசையைத் துடைத்துக்கொண்டார், எல்லோர் பேரையும் எழுதினார். என் பேரை எழுதவில்லை. பொம்பளை காப்பி கொடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்லிற்று என்பதை வக்கீல் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். எந்தக் காலத்திலோ, சந்தைக்குச் சந்தை போய் ஏமாற்றிப் பிழைக்கும் வெளியூர்ச் சூதாடிகளைத் துரத்துவதற்காக எழுதியது. ஒரு வீட்டில் குடும்பத்தைச் சேராதவர்கள் கூடியிருந்து, சீட்டும் காசும் ஒரே இடத்தில் இருந்தால் அது சூதாட்டக் கூடம். காசு கைமாறியதா இல்லையா என்ற கேள்வியே அதில் கிடையாது. சமஸ்தானத்தில் பிறந்தவனுக்கு அபராதம். பிற தேசத்தில் பிறந்தவன் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும். பிறகு உத்தரவில்லாமல் உள்ளே வரக்கூடாது. அத்தான் அபராதம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "அப்ப ஞானத்தின்ரை கல்லறை?" என்று மட்டும் கேட்டார்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். குடும்பத்தார் தங்களுக்குள் ஆடினால் சட்டம் தலையிடாது. நாலாவது கை கொழுந்தியாள்தான் என்று நானே கோர்ட்டில் வந்து சொன்னால், இது வீட்டு விளையாட்டு என்று வாதாடிப் பார்க்கலாம். அத்தான் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "கோர்ட்டிலை ஏறி, சீட்டாடினனான் எண்டு சொன்னால், நாளைக்கு ஆர் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவினம்? பிள்ளை வரக்கூடாது" என்றார். நான் பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஆடினது உண்மையானால் ஆடினேன் என்று சொல்வதில் பாவமில்லை என்றார். போதும் என்று கிளம்பிவிட்டேன்.

கோர்ட்டில் என்னைப் பார்த்ததும் அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கூண்டிலேறிச் சொன்னேன்: "நாலாவது கை நாந்தாங்க. எங்க அக்கா இருந்த எடத்துல ஒக்காந்து ஆடுனேன். இதுல ஜெயிச்சவங்களும் இல்லை, தோத்தவங்களும் இல்லை. ஆட்டம் முடிஞ்சா காசை டப்பாவுல போட்டு எங்க அக்கா படத்துக்கிட்ட வச்சிருவோம்." பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர். நான் சொன்னதை நம்பினார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மற்ற இருவரும் குடும்பத்தார் அல்லவே. "இந்தச் சட்டத்தை எழுதினவங்க உங்களை நினைச்சு எழுதலைங்க ஐயா. ஆனா நீங்களும் அதுல அகப்பட்டுட்டீங்க. என் கையில இருக்கிறது நாள் கொடுக்கிறது மட்டும்தான்" என்றார். அண்ணன்மார் இருவருக்கும் அபராதம். அத்தான் எல்லையைத் தாண்ட வேண்டும், கல்லறைத் திருநாள் முடியும்வரை இருக்கலாம் என்று தவணை கொடுத்தார்.

வெளியே வந்ததும் என்ன திட்டு விழுமோ என்று நின்றேன். அத்தானின் கண் கலங்கியிருந்தது. "என்னைக் கேக்காமல் கூட்டிக் கேட்டிட்டீர் பிள்ளை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தோத்தாலும் பரவாயில்லை. ஞானம் இருந்தாலும் அப்பிடித்தான் கேட்டிருப்பா" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட் அதுதான். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவர் யாழ்ப்பாணம் போயிருக்கலாம். தம்பி மக்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். போகவில்லை. ஓடையைத் தாண்டினால் வெள்ளைக்காரன் ஆண்ட திருச்சி ஜில்லா, அங்கே இந்தச் சட்டம் இல்லை. அந்தக் கரையில் முதல் கிராமத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு பிடித்தார். ஏன் இங்கே வந்து கஷ்டப்படுகிறீர்கள் என்று கேட்டேன். "காத்தடிச்சால் கோயில் மணி கேக்குது. காணும்" என்றார். அவர் பேச்சில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் மூவரும் ஓடையைக் கடந்து அங்கே போவோம். அதே சீட்டு, அதே காசு, அதே நாலு பேர். ஓடைக்கு இந்தக் கரையில் குற்றம், அந்தக் கரையில் பொழுதுபோக்கு. இதைச் சொல்லிச் சொல்லி நான் கொதிப்பேன். அத்தான் சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஒரே ஒரு நாள் வந்துபோக உத்தரவு கேட்டு மனுப் போட்டோம். உத்தரவு வந்ததே இல்லை. அன்று அவருக்கும் சேர்த்து நானே மெழுகுவத்தி ஏற்றிவிட்டுச் சாயங்காலம் அக்கரைக்குப் போவேன். புல் வளர்ந்திருக்கிறதா, சிலுவை சாய்ந்திருக்கிறதா என்று கேட்பார். அவ்வளவுதான் கேட்பார். ஒருமுறை மட்டும், "நான் செத்தால் என்னை எங்கை போடுவியள்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், இந்த வயசில் பேசுகிற பேச்சா இது என்று சத்தம் போட்டேன். பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. போன ஆகஸ்டில் வெள்ளைக்காரனே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். இந்தச் சட்டம் மட்டும் நகரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அவரைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தோம். அக்கரை ஊர்க்காரர்கள் அங்கேயே அடக்கம் செய்யலாம், இடம் தருகிறோம் என்று பெரிய மனதோடு சொன்னார்கள். நான் தலையாட்டவில்லை. சவரிமுத்து அண்ணனும் நல்லதம்பி அண்ணனும் முன்னால் தோள் கொடுத்தார்கள். அந்த வயதில் அவர்களால் தூக்க முடியாது, தூக்கினார்கள். ஓடையைக் கடந்து ஏறினால் எல்லைச் சாவடி. அங்கே இருந்த சேவகருக்கு அத்தானைத் தெரியும். வழியை அடைத்திருந்த மூங்கிலைத் தூக்காமல் நின்றார்.

"உத்தரவு இருக்காம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

இத்தனை வருஷக் கோபமும் எனக்கு நெஞ்சுவரை வந்தது. "ஒங்க சட்டத்துல அவரு வரக்கூடாதுன்னுதானங்க இருக்கு? அவரு வரலைங்க. நாங்கதான் தூக்கிட்டு வாரோம்" என்றேன்.

சேவகர் பெட்டியைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூங்கிலைத் தூக்கினார். நாங்கள் கடந்து போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

பொழுது சாய்வதற்குள் அக்காவுக்குப் பக்கத்தில் அத்தானை வைத்தோம். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் கடைசியாகப் போட்டேன்.

அத்தான், வீடு வந்து சேர்ந்துவிட்டீர்கள். இனி உங்களை எழுப்பி அனுப்ப யாராலும் முடியாது. சொல்லாமல் சேர்த்து வைத்தது நிறைய இருக்கும். அக்காவோடு கதைத்துக்கொண்டிருங்கள்.