மணவறைக்குப் பார்த்த இடம்

மகளின் கல்யாணத்தை ஹந்தானையில் நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்திலேயே, வெட்டவெளியில் வைப்பதாக முடிவு. மணவறைக்கு இடம் பார்க்க வந்த படப்பிடிப்பாளர் ஒரு சவுக்கு மரத்தடியில் நின்றார்.

"ஐயா, முகூர்த்த நேரத்துக்கு இங்கதான் வெயில் மெதுவா விழும். பொண்ணு முகம் மின்னும்."

கல்கூட நடாத அந்த இடத்தில்தான் என் மனைவியைப் புதைத்திருந்தோம். மகள் அப்போது கைக்குழந்தை. அவளுக்கு நான் அந்த இடத்தைக் காட்டியதே இல்லை.

"கல்யாணத்துக்கு இது ஆகாது தம்பி" என்றேன். வேறு பக்கம் காட்டத் திரும்பினேன்.

கூட வந்திருந்த மகள் என் கையைப் பிடித்தாள். "நான்தாம்பா அவர இங்க கூட்டிட்டு வந்தேன். அம்மா பக்கத்துலயே தாலி ஏறட்டும்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்க இங்க வந்து தனியா நிக்கிறத நம்ம லயத்து வீட்டு வாசல்லருந்து எத்தன தடவ பாத்திருக்கேன்!"

கல்யாணம் அங்கேயே நடந்தது. அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அங்கே போவேன். அவளோ அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள்.